நாற்பத்தொரு நிமிடம்

கல்யாண வீடுகளில் கேமரா தூக்குகிறவன் நான்.
தாலி ஏறும் நொடிக்கு மூச்சை அடக்கத் தெரியும்.
மணிமுத்தாறு அடிவாரத்தில், வனத்துறைச் சைக்கிள் தடத்தில்
அந்தப் பழக்கம் உதவாது.
இங்கே மூச்சை அடக்கினால்
அடுத்த வளைவில் புதருக்குள் கிடப்போம்.

சீட்டு ஐம்பது ரூபாய்.
பிளாஸ்டிக் இல்லையென்று பையைக் கொட்டிக் காட்டவேண்டும்.
பச்சை, நீலம், சிவப்பு என்று கற்களில் அம்புகள்.
கறுப்பு அம்பு ஒன்றே ஒன்று.
அதன் பக்கத்தில் யாரோ கரியால் எழுதியது:
"வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

ஜெசிந்தா சொல்லிவிட்டு வருவதில்லை.
பாபநாசம் மின்நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்து டயரைப் பெருவிரலால் அமுக்குவாள்,
மாம்பழம் வாங்குகிறவள்போல்.
போன மாதம் இதே கறுப்புத் தடத்தில்
அவள் முன்சக்கரம் நெளிந்தது,
எங்கள் கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயில் விழுந்த மாதிரி.
தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினாள்.

நான் எப்போதும் பின்னால்.
நெஞ்சில் வாரிட்டுக் கட்டிய கேமரா.
என் முழங்கை, கைப்பிடி, அதற்கு அப்பால் அவள் முதுகு.

ஆனால் படத்தில் பார்த்தால் எல்லாம் சமதரை.
உயிர் தொண்டைக்கு வந்த இறக்கம்
அம்பாசமுத்திரம் ரயில் பிளாட்பாரம்போல் கிடக்கும்.
என் மச்சான் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இதுல என்னல இருக்கு?
நம்ம வாய்க்கா வரப்பு இதவிட மோசம்லா."

அதனால்தான் அந்த ஞாயிறு
கேமராவை ஹெல்மெட்டுக்கு மாற்றினேன்.
உயரத்தில் இருந்தால்
சரிவு சரிவாகத் தெரியும் என்றொரு நப்பாசை.

சாரல் நின்று ஒரு மணி நேரம்.
பிடித்தால் பிடியாக நிற்கிற மண்.
கோடையில் புழுதி, ஐப்பசியில் சேறு,
நடுவில் இப்படி நாலே நாள்.

முதல் வளைவு.
இரண்டாவதில் வேர்ப்படிகள் பல்லில் தடதடத்தன.
மூன்றாவதில் தாழ்ந்த மூங்கில் தலையில் தட்டியது.
நிற்கவில்லை.
நிற்கிற வேகமில்லை அது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல.
பின்பிரேக்கை இருவரும் தொடவே இல்லை.
மரப்பாலத்தில் அவள் எழுப்பிய சத்தம் அடங்குமுன்
அதே பலகையில் என் சக்கரம்.
பாறை விளிம்பில் அவள் மறைந்தாள்.
நானும் மறைந்தேன்.
கீழே மண் இரண்டுபேரையும் வாங்கிக்கொண்டது.
பல்லெல்லாம் சேறாகத் திரும்பிக் கத்தினாள்:
"எடுத்தியால?"

தலையைத் தடவினேன்.
உடைந்த கொக்கி மட்டும்.

சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மேலே நடந்தோம்.
இரண்டு இடத்தில் கையூன்றினாள்,
ஒரு இடத்தில் என்னைத் திட்டினாள்.
மூங்கிலடியில், கீழ்ப்பக்கம் பார்த்துச் சாய்ந்து கிடந்தது,
சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டு.

இரவு, ஒரு வளைகாப்புப் படத்தை ஒதுக்கிவைத்து
அதைத் திறந்தேன்.
மூங்கில் சத்தம். ஒரு சுழற்சி. அசையாத இலை.
எங்கள் இரைச்சல் தேய்ந்து
பாலம் தடக்கென்றது ஒருமுறை, மறுமுறை.
அப்புறம் நாங்கள் இல்லை.
ஒரு கட்டெறும்பு லென்ஸில் ஏறி
மழைத்துளியைச் சுற்றிக்கொண்டு போனது.
மந்தி ஒன்று குனிந்து முகம் பார்த்தது,
பிடிக்கவில்லை போல.
வெயில் ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்குப் போக
ஆறு நிமிடம் ஆனது.
நான் ஓட்டிவிடாமல் பார்த்தேன்.

நாற்பத்தொராவது நிமிடத்தில்
முதலில் மூச்சு வருகிறது, இரைத்து இரைத்து.
பிறகு விளிம்பில் அவள் தலைமுடி, நெற்றி,
மண்ணைப் பற்றிய ஒரு கை.
கிணற்றுப் படியேறி வருகிறவர்கள்போல்
வருகிறோம்.
அடேயப்பா, அவ்வளவு சரிவு.

அவளுக்கு அனுப்பினேன்.
ஷிப்டிலிருந்து பதில்:
"பாலம் ரெண்டு தடவ கேக்குல்லா, அத வெட்டிராத.
கொரங்கையும்."

வளைகாப்பு வீட்டார்
மூன்றாவது தடவையாகப் போன் அடிக்கிறார்கள்.